சிகாமட்டின் மூன்றாவது சட்டி

மலேசியாவில் இருக்கும் ஜொகூருக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. குழம்பு விற்கப் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி போகும் சாலையில் எனக்கு ஒரு சின்ன ஆலை இருக்கிறது. ஆலை என்றதும் புகைபோக்கியைக் கற்பனை செய்ய வேண்டாம். தகரக் கூரை, இரண்டு பெரிய கிரைண்டர், மூன்று கொப்பரை, வேலைக்கு ஒன்பது பெண்கள். மீன் குழம்பு பேஸ்ட்தான் எங்கள் முக்கியச் சரக்கு. பொட்டலத்தை வெட்டி, வெந்நீரில் கரைத்து, மீனைப் போட்டால் பத்து நிமிடத்தில் குழம்பு. ஒன்பது வருடமாக ஓட்டல்களுக்கு இதைப் போட்டுத்தான் வயிறு கழுவுகிறோம். இப்போது ஊருக்கு நாலு பேர் இதே தொழிலுக்கு வந்துவிட்டார்கள். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று கிடைத்தால்தான் ஒன்பது பேரையும் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலை.

அப்போதுதான் ஜொகூரில் ஸ்கூடாய் என்ற ஊரிலிருந்து ராஜூ போனில் கூப்பிட்டார். ஓட்டல்களுக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரி. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். "சிகாமட்டுல ஒரு சாப்பாட்டுக் கடை இருக்குக்கா. லெட்சுமி அக்கா கடைன்னு சொன்னா அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அவங்க உங்க பேஸ்ட்ட எடுத்துட்டா மத்த கடைக்காரங்க தன்னால எடுப்பாங்க. நீங்களே நேர்ல வந்து பேசிருங்க லா" என்றார், அந்த ஊர் வழக்கில் ஒரு 'லா' சேர்த்து. நான் சாம்பிளாக அனுப்பிய ஆறு பொட்டலங்களை முன்கூட்டியே அங்கே கொடுத்தும் வைத்திருந்தார்.

திங்கள், காலை 11.20. திருச்சியில் ஏறி, கோலாலம்பூரில் இறங்கி, வேறு விமானம் மாறி, செனாய் விமான நிலையத்தில் வந்து விழுந்தேன். வெளியே வந்ததும் மழை. நம் ஊர் மழை மாதிரி இருட்டிக்கொண்டு மிரட்டிவிட்டுப் போகிற மழை இல்லை. வெயில் அடிக்கும்போதே பெய்கிறது, நின்றுவிடுகிறது, மறுபடி பெய்கிறது. யாரும் ஓடி ஒதுங்கவில்லை. ராஜூ ஒரு வெள்ளை வேனோடு நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டாத, தொப்பையை மறைக்கச் சட்டையை வெளியே விட்ட, சிரித்த முகம்.

ஸ்கூடாய் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. இத்தனை கார்களை ஒரே சாலையில் நான் பார்த்ததில்லை. "பாதிப் பேரு சிங்கப்பூர்ல வேல பாக்குறவங்க, மீதிப் பேரு ஸ்டூடண்ட்ஸ்" என்றார் ராஜூ. எல்லாருக்கும் பசிக்குமே என்றேன். "அதான் நான் இருக்கேன்ல" என்றார்.

திங்கள், பிற்பகல் 2. ராஜூவின் குளிர்கிடங்கைப் பார்த்ததும் எனக்கு வாய் பிளந்துகொண்டது உண்மை. வாசலில் ஒரு கனத்த கோட்டைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். உள்ளே ஒரு கல்யாண மண்டப அளவுக்கு இடம். தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டிகள். ரொட்டி சானாய் (நம் பரோட்டாவுக்கு அங்கே அதுதான் பெயர்) தட்டித் தட்டி உறையவைத்து அடுக்கியிருக்கிறது. உரித்த பூண்டு, பொரித்த வெங்காயம், வேகவைத்த கொண்டைக்கடலை, டப்பாவில் தேங்காய்ப்பால், இட்லி. ஆமாம், இட்லிதான். கல் மாதிரி இருந்த ஒரு இட்லியை எடுத்துத் தட்டிப் பார்த்தேன், டொக் என்றது. ஓர் ஊரே ஒரு மாதம் அடுப்புப் பற்றவைக்காமல் சாப்பிடலாம். மனுஷனுக்கு எத்தனை மூளை என்று வியந்து நின்றேன். என் பேஸ்டும் இந்த வரிசையில் உட்காரப் போகிறது என்று நினைத்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். ஒன்று ஒரு ரிங்கிட் எண்பது காசு, நம் கணக்கில் நாற்பது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மாணவர்கள் கூட்டம் நெருக்கியது. கல்லின் முன்னால் நின்றவர் பெட்டியைப் பிரித்தார், ரொட்டியைக் கல்லில் போட்டார், திருப்பினார். மாவு பிசைந்த சுவடு அந்தக் கடையில் எங்குமே இல்லை. ருசியில் குறை சொல்ல முடியாது. நான் இரண்டு சாப்பிட்டேன்.

செவ்வாய், காலை 9. பொந்தியானுக்குப் போனோம், மேற்கே நாற்பத்தைந்து கிலோமீட்டர். அங்கேயும் ராஜூவுக்கு இரண்டு கடைகளில் பேச்சுவார்த்தை. வழி நெடுக அன்னாசித் தோட்டமும் செம்பனையும், அதாவது எண்ணெய்ப் பனை. ஊர் நெருங்க நெருங்கத் தென்னை. கடலோரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் வாசலில் மட்டும் ஏழு தென்னை மரங்கள் நிற்கின்றன, குலை தள்ளி, காய் கனத்து. உள்ளே சமையலறையில் ராஜூவின் டப்பாத் தேங்காய்ப்பால் அடுக்கியிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன ராஜூ இது, தலைக்கு மேல தேங்காய், கையில டப்பா?"

"மரம் ஏற ஆள் இல்லக்கா. ஏறினாலும் உரிக்க ஆள் இல்ல. உரிச்சாலும் துருவ ஆள் இல்ல" என்றார். கடைக்காரர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். வெளிநாட்டு வேலையாட்கள் பர்மிட் முடிந்து போய்விட்டால் புதிதாக ஆள் கிடைப்பதில்லையாம். உள்ளூர்ப் பிள்ளைகள் சிங்கப்பூருக்குப் போய்விடுகிறார்கள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நான் அவருக்கு என் பேஸ்ட்டைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். "சிகாமட் அக்கா எடுக்குறாங்களான்னு பாத்துட்டு நானும் சொல்றேன்" என்றார். கடல் காற்று பலமாக அடித்தது. தேங்காய் ஏதாவது தலையில் விழுமோ என்று பயந்துகொண்டே வேனில் ஏறினேன்.

புதன், பகல் 12.05. ஸ்கூடாயிலிருந்து சிகாமட் ஏறக்குறைய நூற்றெழுபது கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் யோங் பெங் வரை போய், அங்கே இறங்கி லாபிஸ் வழியாகப் போக வேண்டும். காலை ஒன்பதரைக்குக் கிளம்பியவர்கள் பன்னிரண்டுக்குச் சேர்ந்தோம். ரப்பர், செம்பனை, மறுபடி ரப்பர். நடுநடுவே திடீரென்று ஒரு மாரியம்மன் கோயில், கோபுரத்தில் பச்சையும் ரோஸும் பளிச்சென்று. சிகாமட்டில் ஆறு ஒன்று ஊரை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. பாலத்தைக் கடக்கும்போது, வெள்ளம் வந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று ராஜூ ஒரு கடைச் சுவரைக் காட்டினார். என் தலைக்கு மேலே கறை இருந்தது.

லெட்சுமியின் கடை ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். பத்து மேசை, பச்சைத் தகரக் கூரை, சுவரில் முருகன் படம். வாழையிலைச் சாப்பாடு மீனோடு பதினான்கு ரிங்கிட், அங்குள்ள தமிழர் பேச்சில் பதினாலு வெள்ளி. லெட்சுமிக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும், ஐம்பதை ஒட்டிய வயது. பூப்போட்ட சட்டை, முட்டி வரை ஏப்ரன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் வலது கையை இடது கையால் தூக்கிக் கும்பிட்டார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. அவர் கணவர் செல்வம், முன்பு எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர், இப்போது கடையில் பரிமாறுகிறார். அதிகம் பேசாத மனிதர்.

"வாங்கக்கா, வாங்க. இந்தியாலேர்ந்து எங்க கடைக்கு ஆளு வந்துருக்காங்க. உக்காருங்க, உங்களுக்குத் தனியா செஞ்சு வெச்சிருக்கேன்" என்றார் லெட்சுமி.

இலை போட்டார்கள். சோறு வந்தது. லெட்சுமியே ஒரு சின்னக் கிண்ணத்தில் குழம்பைக் கொண்டுவந்து ஊற்றினார். வாயில் வைத்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பேஸ்ட். சாம்பிள் பொட்டலத்தை எனக்கே வெட்டிச் சமைத்திருக்கிறார்.

"நீங்க கொண்டாந்தத உங்களுக்கே ஆக்கிப் போடாம இருப்போமா? இங்க அப்படித்தாங்க்கா. வீட்டுக்கு யாரு என்ன தின்ன கொண்டாந்தாலும் அவங்க போறதுக்குள்ள அத அவங்களுக்கும் குடுத்துரணும். இல்லன்னா மரியாத இல்ல" என்றார்.

ஒன்பது வருடத்தில் அந்தப் பேஸ்ட்டை நான் ஆயிரம் முறை சுவைத்திருக்கிறேன், கொப்பரையிலிருந்து ஒரு கரண்டி, நாக்கில் ஒரு சொட்டு. உட்கார்ந்து சோற்றில் பிசைந்து ஒரு வேளைச் சாப்பாடாகச் சாப்பிட்டது அன்றுதான். உப்பு சரி. புளி சரி. காரம் சரி. மூன்றாவது உருண்டையில் அலுத்துவிட்டது. நான்காவது உருண்டையை லெட்சுமியின் முகத்துக்காக விழுங்கினேன்.

அதற்குள் பக்கத்து மேசை வாசனை என் மூக்கைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார்கள் மூன்று பேர். இலையில் சிவப்பும் இல்லாத பழுப்பும் இல்லாத ஒரு குழம்பு, அதில் மீன், கத்தரிக்காய், வெண்டைக்காய். மீன் குழம்பில் வெண்டைக்காயா என்று நினைத்தேன். செல்வம் குழம்பு வாளியோடு வர, மூன்று பேரும் கையைக் காட்டி இன்னொரு முறை வாங்கினார்கள். இரண்டு நிமிடத்தில் மறுபடியும். என் வாய் சும்மா இருக்குமா? "லெட்சுமி, எனக்கு அதுல கொஞ்சம்" என்றேன்.

அவர் முகம் சங்கடப்பட்டது. "அது சும்மா கடக் கொழம்புக்கா. உங்களுக்கு எதுக்கு?"

"குடுங்க, பாப்போம்."

செல்வம் ஊற்றினார். நான் சாப்பாட்டைப் பற்றி மிகையாகப் பேசுகிறவள் இல்லை. தொழிலே அது என்பதால் என் நாக்கு மரத்துப்போனது. ஆனால் அந்தக் குழம்பை வாயில் வைத்ததும் கொஞ்ச நேரம் மெல்லாமல் அப்படியே இருந்தேன். முதலில் புளி வருகிறது, அதன் பின்னால் தேங்காய்ப்பால் வந்து அதைச் சமாதானப்படுத்துகிறது, அதற்குப் பிறகு எங்கிருந்தோ வெந்தயம். மீன் வஞ்சிரம்தான், அங்கே தெங்கிரி என்கிறார்கள். மீனின் உள்ளே வரை குழம்பு போயிருந்தது. வெண்டைக்காய் வழவழக்காமல், குழம்பைக் குடித்து உப்பிப்போய் இருந்தது. இரண்டு முறை சோறு வாங்கினேன். மூன்றாவது முறை செல்வம் கேட்காமலே ஊற்றிவிட்டுப் போனார். ராஜூ என் இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்குங்க என் பேஸ்ட்?" என்று கேட்டேவிட்டேன். ராஜூ மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

லெட்சுமி வலது கையைத் தூக்கிக் காட்டினார். தோள்பட்டை வரை கூடப் போகவில்லை, பாதியிலேயே நின்றுவிட்டது. "தோளு இறுகி ஒட்டிக்கிச்சுக்கா. ஆஸ்பத்திரில ரெஸ்ட் எடுங்கன்றாங்க. கூட இருந்த பையனும் பர்மிட் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டான். இந்த மாசத்தோட ஒண்ணு பாக்கெட்டுக்கு மாறணும், இல்ல கடைய மூடணும். நீங்க வந்தது எனக்குச் சாமியே அனுப்புன மாதிரி" என்றார். பிறகு, "நாளைக்குக் காலைல வந்து நான் படுற பாட்டப் பாருங்க, உங்களுக்கே புரியும்" என்றார்.

அன்றிரவு சிகாமட்டிலேயே தங்கினோம், அறை தொண்ணூற்றைந்து ரிங்கிட். படுக்கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கம் வரவில்லை.

வியாழன், காலை 6.30. விடியவில்லை. அங்கே ஏழு மணிக்குத்தான் சூரியன் வருகிறது. லெட்சுமியோடு பசாருக்கு நடந்தேன், பசார் என்றால் சந்தை. மீன்காரர் ஒரு சீனர், லெட்சுமியைப் பார்த்ததும் முன்னால் இருந்த மீனை ஒதுக்கிவிட்டுப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்தார். தேங்காய்க் கடையில் இயந்திரத்திலேயே துருவி, பிழிந்து, பாலாகவே தருகிறார்கள். லெட்சுமி துருவலை மட்டும் வாங்கினார், மூன்று பையாக.

"பாலாவே வாங்கிக்கலாமே?" என்றேன்.

"இப்பப் பிழிஞ்ச பாலு ஒன்றர மணி வரைக்கும் நல்லா இருக்குமாக்கா?"

அப்போது எனக்குப் புரியவில்லை. சமையலறையில் புரிந்தது. அம்மி, உரல் என்று ஏதாவது எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்து போவீர்கள். சாதாரண மிக்ஸிதான், மூடியில் விரிசல் விட்டது. விஷயம் வேறு இடத்தில் இருந்தது. லெட்சுமி ஒரு நாளைக்கு மூன்று தடவை சமைக்கிறார். ஒரு பெரிய அண்டாவில் காலையிலேயே காய்ச்சி வைப்பதில்லை. பதினொரு மணிக்கு ஒரு சட்டி, அது மில் ஆட்களுக்கும் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு முடித்து வருகிறவர்களுக்கும். பன்னிரண்டே காலுக்கு இன்னொரு சட்டி, அது வாத்தியார்கள், ஆபீஸ்காரர்களுக்கு. ஒன்றரைக்கு மூன்றாவது சட்டி, லோரி ஓட்டுகிறவர்களுக்கு. ஒவ்வொரு சட்டிக்கும் முதலிலிருந்து தொடங்குகிறார். மல்லியும் மிளகாயும் புதிதாக வறுக்கிறார், புதிதாக அரைக்கிறார், புளி புதிதாகக் கரைக்கிறார், தேங்காயைக் கையால் பிழிகிறார். பதினோரு வருடமாக.

"எதுக்குங்க? ஒரே தடவையா செஞ்சு சூடு பண்ணிக் குடுத்தா யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். என் தொழில் புத்தி அப்படி.

அடுப்பை விட்டுத் திரும்பாமல் சொன்னார்: "பதினோரு மணிக்கு வர்றவனும் பதினாலு வெள்ளி குடுக்குறான், ஒன்றரைக்கு வர்றவனும் பதினாலு வெள்ளிதான் குடுக்குறான். லேட்டா வந்தவன் என்னா பாவம் பண்ணான்?"

முதல் சட்டிக்குச் செல்வம் தேங்காய் பிழிந்து கொடுத்தார். கடை திறந்தபின் அவர் முன்பக்கம் போய்விட, இரண்டாவது சட்டிக்கு லெட்சுமியே பிழிந்தார். வலது கையை மேசை விளிம்பில் ஊன்றி, இடது கையால், உதட்டைக் கடித்துக்கொண்டு. நெற்றியில் வேர்வை இல்லை, கண்ணில் தண்ணீர் இருந்தது. நான் போய் அதை வாங்கிப் பிழிந்தேன். என் ஆலையில் டன் கணக்கில் அரைக்கிறவள் நான். பத்து நிமிடத்தில் என் விரல்கள் மரத்துவிட்டன. அந்த அம்மாள் மேல் எனக்கு உண்டானதை மரியாதை என்று சொன்னால் போதாது. கோயிலில் நிற்பது போல நின்றேன், கால் வலித்தும் உட்காரத் தோன்றவில்லை.

வியாழன், பகல் 1.30. மூன்றாவது சட்டி என்னுடையது. முதல் நாளே பேசி வைத்த சோதனை அது. மிச்சமிருந்த ஐந்து பொட்டலங்களையும் வெட்டி, வெந்நீர், மீன், காய். லெட்சுமி பத்து நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அவர் உட்கார்ந்தே பதினோரு வருடமாகிறதாம். செல்வம் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். லெட்சுமி அதை ஆறுவதற்குள் குடித்தார். பொய் சொல்ல மாட்டேன், அதைப் பார்த்தபோது எனக்கு அத்தனை பெருமையாக இருந்தது. அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தது என் பொட்டலம்தானே.

லோரிக்காரர்கள் இருபத்தைந்து பேர் இருப்பார்கள். சாப்பிட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ராஜூ என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். "பாத்தீங்களாக்கா? ஒரு கம்ப்ளைண்ட் இல்ல. முடிஞ்சுது லா வேல."

அப்போது செல்வம் குழம்பு வாளியோடு உள்ளே வந்தார். வாளியை லெட்சுமியின் முன்னால் தரையில் வைத்தார். முக்கால் வாளி அப்படியே இருந்தது.

"என்னாச்சு?"

"ரெண்டாந்தரம் யாரும் வாங்கல" என்றார் செல்வம்.

லெட்சுமி வாளியை எட்டிப் பார்த்தார். பிறகு தோளைத் தேய்த்துக்கொண்டே, "பரவால்ல. ஒரு வாரம் போனா பழகிடும்" என்றார்.

பழகிடும் என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது நிஜம் என்பது வேறு யாருக்கும் தெரியாத அளவுக்கு எனக்குத் தெரியும். முதல் வாரம் வாடிக்கையாளர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், இரண்டாம் வாரம் மறந்துவிடுவார்கள், ஆறு மாதத்தில் மீன் குழம்பு என்றாலே அதுதான் என்று ஆகிவிடும். என் தொழில் வளர்ந்ததே அப்படித்தான். எத்தனையோ ஓட்டல்காரர்களுக்கு நானே அந்த வார்த்தையைச் சொல்லித்தான் ஆர்டர் வாங்கியிருக்கிறேன்.

"லெட்சுமி, நான் உங்களுக்குத் தர மாட்டேன்" என்றேன்.

ராஜூ ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் லெட்சுமி எழுந்துவிட்டார். அந்த மனுஷிக்கு அவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"ஏன், உங்க ஊருல எல்லாருக்கும் விக்கிறீங்க, எனக்கு மட்டும் விக்க மாட்டீங்களா? நீங்க ரெண்டு நேரம் சாப்ட்டுட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டு ரயிலேறிப் போயிடுவீங்க. நாளைக்கு இந்தத் தேங்காய யாரு பிழியிறது? நீங்க வந்து பிழிவீங்களா?"

வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் கேட்டது அத்தனையும் நியாயம். என் நாக்குக்கு ருசித்தது என்பதற்காக இன்னொருத்தி கை ஒடிய வேண்டுமா? தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

செல்வம்தான் குறுக்கே வந்தார். "மூணாவது சட்டிக்குத்தான் கை ரொம்ப வலிக்குது. மூணாவது சட்டிய விட்டுருவோம். ரெண்டு சட்டிக்கும் நானே பிழிஞ்சு குடுத்துட்டு முன்னாடி போறேன்."

"அப்ப லோரிக்காரங்க? ஒன்றர மணிக்குப் பசியோட வர்றவங்கள வெளிய போன்னு சொல்லச் சொல்றீங்களா?" லெட்சுமியின் குரல் வெளியே வரை கேட்டிருக்க வேண்டும்.

கை கழுவ வந்த லோரிக்காரர் ஒருவர் சமையலறை வாசலில் நின்றுவிட்டார். நாற்பது வயது, ஜொகூர் பாருவுக்கும் கோலாலம்பூருக்கும் ஓட்டுகிறவர். "அக்கா, நாங்க பன்னெண்டுக்கே வந்துருவோமே" என்றார்.

"உங்களுக்கு ரெஸ்ட் டைம் ஒன்றர மணிதானே?"

"யாரு சொன்னா? நாங்க எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம். ஒன்றரைக்குத்தான் நீங்க புதுசா இன்னொரு சட்டி எறக்குறீங்க, அந்த நேரம் கூட்டமும் கொறவு. அதுக்காகத்தான் லாபிஸ்லயே ஒரு மணி நேரம் லோரிய ஓரங்கட்டிட்டு உக்காந்திருந்துட்டு வர்றோம்."

லோரிக்காரர்கள் வருகிறார்கள் என்று லெட்சுமி மூன்றாவது சட்டி வைத்தார். லெட்சுமி மூன்றாவது சட்டி வைக்கிறார் என்று லோரிக்காரர்கள் காத்திருந்து வந்தார்கள். பதினோரு வருடமாக இரண்டு பக்கமும் ஒருவருக்கு ஒருவர் மரியாதை செய்துகொண்டு, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளாமல்.

"அலமாக்" என்றார் லெட்சுமி, நாம் ஐயையோ என்பது போல. அந்த நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான். செல்வம் பக்கத்தில் போய் அவர் தோளில் கை வைத்தார், வலிக்காத தோளில்.

கிளம்பும்போது லெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோவத்துல பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்கக்கா. உங்களுக்குத்தான் நஷ்டமாப் போச்சு." போய்ச் சேர்ந்ததும் சாப்பிட மீன் குழம்பும் சோறும் பொங்குஸ் கட்டிக் கொடுத்தார், அங்கே பொட்டலம் கட்டுவதற்கு அப்படித்தான் சொல்கிறார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார். கோலாலம்பூர் ரயிலுக்கு ராஜூ என்னை ஸ்டேஷனில் கொண்டுவிட்டார். பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, "பொந்தியான்காரரும் இனி எடுக்க மாட்டாரு" என்றார். பிறகு, "நானும் நாளைக்கு இங்க பன்னெண்டு மணிக்கு வரணும் போல இருக்கு லா" என்றார்.

வியாழன், மாலை 5.40. ரயில் கிளம்பி ஊரைத் தாண்டியதும் ஆலைக்குப் போன் செய்தேன். மலர் எடுத்தாள், ஒன்பது பேரில் மூத்தவள். நல்ல செய்திக்காகக் காத்திருந்த குரல்.

"ஆர்டர் கெடைச்சிருச்சாக்கா?"

"இல்ல மலர்."

"ஏங்க்கா? நம்ம கொழம்பு அவங்களுக்குப் பிடிக்கலையாமா?"

ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன்.

"அவங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு மலர். எனக்குத்தான் பிடிக்கல. நேத்து அவங்க எனக்கு நம்ம பேஸ்ட்டுல ஆக்கிப் போட்டாங்க. நாலு வாய்க்கு மேல எறங்கல. வந்ததும் மொதல்லேர்ந்து எல்லாத்தையும் மாத்தணும். எப்படின்னு தெரியல, ஆனா மாத்தணும்."

அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாரையோ அதை நிறுத்தச் சொன்னாள். நின்றது.

"அக்கா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"சொல்லு."

"சீல் சரியா ஒட்டாத பாக்கெட்ட எல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி ஆக்கிக்கங்கன்னு சனிக்கிழம சனிக்கிழம எங்களுக்குக் குடுப்பீங்கல்ல."

"ஆமா."

"எங்கள்ல ஒருத்தி வீட்டுலயும் அத இதுவரைக்கும் ஆக்குனதில்லக்கா."